முதலில் இடம், பிறகு வாத்தியம்: நார்வே போஸ்ட்-ராக் குழு ஜாஸையும் நாட்டார் இசையையும் சேர்த்துக்கொள்ளும் முறை

போஸ்ட்-ராக் என்பது பெரும்பாலும் பாடகர் இல்லாமல் வாத்தியங்களாலேயே நடக்கும் ராக்: கிட்டார் இரண்டு, பேஸ் ஒன்று, டிரம்ஸ் ஒரு செட். ஒற்றைச் சுரத்தில் மெல்லத் தொடங்கி, எட்டாவது நிமிடத்தில் பேரிரைச்சலாக முடியும் பாட்டு. இதே அச்சில் மூன்று ஆல்பம் போட்ட குழுவுக்கு நான்காவதில் வழி அடைபட்டுப் போகும். அப்போது வழக்கமாக நடப்பது இதுதான்: தெரிந்த டிரம்பெட்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, ஏற்கெனவே நிரம்பி வழியும் பாட்டின் மேல் ஊதச் சொல்வார்கள். ஒத்திகை அறையில் பிரமாதமாக இருக்கும். ரெக்கார்டிங்கைக் கேட்டால் டிரம்பெட்டைத் தேட வேண்டியிருக்கும்.

நார்வேயில் ஆள் கிடைப்பது பெரிய பிரச்சினையே இல்லை. டிரோன்ஹெய்மில் 1979இல் தொடங்கிய ஜாஸ் படிப்பு ஆண்டுதோறும் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ராக்காரரும் ஜாஸ்காரரும் ஒரே ஊரில் ஒரே மேடைகளில் புழங்குகிறார்கள். அதே டிரோன்ஹெய்மின் மோட்டார்சைக்கோ ராக் குழு, யாகா யாஸிஸ்ட் என்னும் ஜாஸ் குழுவின் ஊதுகருவிக்காரர்களோடு சேர்ந்து ரெக்கார்ட் செய்து 2003இல் வெளியிட்டது. மோல்டே ஜாஸ் விழாவுக்காக 2010இல் ஒரு முழு இசைக்கோவையையே ஜாஸ் ஆர்கெஸ்ட்ராவோடு மேடையேற்றியது. டன்ஸ்பெர்க்கில் 1994இல் தொடங்கிய யாகா யாஸிஸ்ட் எதிர்த்திசையில் வந்த குழு. டியூபா, வைப்ரஃபோன், பேஸ் கிளாரினெட் எல்லாம் கையிலிருந்தும் 2005இல் வந்த ஆல்பத்தில் கிட்டாரை முன்னால் நிறுத்தியது. வாத்தியப் பட்டியல் பெரிதாக மாறவில்லை. யார் முன்னே, யார் பின்னே என்பதுதான் மாறியது. நீங்கள் செய்ய வேண்டிய வேலையும் அதுவே.

கழித்துப் பாருங்கள்

ஏற்கெனவே நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புதுப் பாட்டு வேண்டாம். அதை இரண்டாவது கிட்டார் இல்லாமல் முழுதாக ரெக்கார்ட் செய்யுங்கள். கேட்கும்போது எங்கே உண்மையிலேயே ஓட்டை தெரிகிறதோ, அந்த நிமிடம்-நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்கள்தான் புதிய வாத்தியத்துக்கு உரியவை. மற்ற இடங்களில் இரண்டாவது கிட்டார் வெறும் பழக்கத்தால் வாசித்துக்கொண்டிருந்திருக்கும்.

அடுத்தது ரிவெர்ப், அதாவது வாசித்த ஒலி பெரிய மண்டபத்தில்போல் நீண்டு ஒலிப்பது. போஸ்ட்-ராக் கிட்டாரில் 6 முதல் 8 விநாடி வரை நீளும் ரிவெர்ப் சர்வசாதாரணம். அந்த வால் ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸிலிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரை அடைத்துக்கொள்ளும். டிரம்பெட், சாக்ஸஃபோன், ஃபிடில், வைப்ரஃபோன், மனிதக் குரல் எல்லாமே குடியிருக்கும் பகுதி அது. எனவே:

- கிட்டார் ரிவெர்ப்பை 2 அல்லது 2.5 விநாடிக்குக் குறையுங்கள்.
- ரிவெர்ப்புக்குப் போகும் ஒலியில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிடுங்கள்.
- நீண்ட ரிவெர்ப் ஒரு பாட்டில் ஒரே ஒரு வாத்தியத்துக்கு மட்டும். அதை வெளியிலிருந்து வரும் விருந்தாளியின் வாத்தியத்துக்குக் கொடுங்கள்.

கடைசி விதிக்குத்தான் கிட்டார்காரர்கள் முகம் சுளிப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். ஈசிஎம் இசை வெளியீட்டு நிறுவனத்துக்காக ஒஸ்லோவின் ரெயின்போ ஸ்டுடியோவில் யான் எரிக் கோங்ஸ்ஹவுக் பதிவு செய்த ஜாஸ் ஆல்பங்களில் அத்தனை விசாலம் தெரிவதற்கு, ரிவெர்ப் எவ்வளவு காரணமோ, சுற்றிலும் வாத்தியங்கள் அடங்கியிருப்பதும் அவ்வளவு காரணம்.

வைப்ரஃபோன் சேர்ப்பதாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை. மூன்று ஆக்டேவ் வைப்ரஃபோன் ஏறத்தாழ 175 முதல் 1,400 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும். டிலே (ஒலியைச் சற்றுத் தாமதித்து எதிரொலியாகத் திருப்பித் தருவது) போட்டு ஒவ்வொரு தந்தியாக மீட்டும் கிளீன் கிட்டார் நடமாடுவதும் அங்கேதான். இரண்டையும் பாட்டின் ஒரே பகுதியில் வைத்தால் இரண்டுமே தெளியாது. ஏதாவது ஒன்று போதும்.

எந்தச் சுருதியில் எல்லோரும் சந்திப்பது

கிட்டார் குழுக்கள் இ (E) சுருதியிலேயே வாழ்கின்றன. கீழ்த் தந்தியைத் திறந்து விட்டால் போதும், ஆதார சுருதி ஓடிக்கொண்டிருக்கும். ஊதுகருவிக்காரருக்கோ அது வேதனை. டிரம்பெட், டெனர் சாக்ஸ், பேஸ் கிளாரினெட் மூன்றும் பி ஃப்ளாட் கருவிகள், அதாவது தாளில் சி என்று எழுதியதை வாசித்தால் பி ஃப்ளாட் ஒலிக்கும். உங்கள் இ மேஜர் அவர்கள் தாளில் ஆறு ஷார்ப் கொண்ட எஃப் ஷார்ப் மேஜராக வரும். ஆல்டோ சாக்ஸுக்கு ஏழு ஷார்ப். நல்ல கலைஞர் வாசித்துவிடுவார். ஆனால் சுதந்திரமாக மனோதர்மம் பண்ணமாட்டார். உங்களுக்கு வேண்டியதே அந்தச் சுதந்திரம்தான்.

வழி எளிது. அந்தப் பாட்டுகளுக்குக் கிட்டாரையும் பேஸையும் அரைச் சுரம் இறக்குங்கள். விரல்கள் அதே இடத்தில் இருக்கும். ஒலிப்பது இ ஃப்ளாட். டிரம்பெட்டுக்கு அது எஃப், அதாவது ஒரே ஒரு ஃப்ளாட். ஆல்டோ சாக்ஸுக்கு சி. இறக்கிய பிறகு தந்தி தொய்ந்து போகாமலிருக்க 10-46 தந்தி செட்டுக்குப் பதில் தடிமனான 11-49 போடுங்கள். கீபோர்டுக்காரர் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை நம்பக்கூடாது. அடுத்த பாட்டில் அதை அணைக்க மறப்பது மேடையில் அடிக்கடி நடக்கும் விபத்து. பதிவுசெய்து வைத்த பழைய ஒலித்துண்டுகள் (சாம்பிள்கள்) இ சுருதியில் இருந்தால் இ ஃப்ளாட்டில் புதிதாக வாசித்தே எடுத்துவிடுங்கள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. நார்வேயின் நாட்டார் வயலினான ஹார்டாங்கர் ஃபிடில் எழுதிய சுரத்தைவிட உயரமாகத்தான் ஒலிக்கும். பெரும்பாலும் ஒரு முழுச் சுரம், சில சமயம் அரைச் சுரம். அரைச் சுரம் மட்டும் ஏற்றி வைத்துக்கொண்டால் ஃபிடிலின் டி உங்களுக்கு இ ஃப்ளாட். கிட்டார், டிரம்பெட், ஃபிடில் மூன்றும் சிரமமில்லாமல் கூடும் ஒரே இடம் இது. முழுச் சுரம் ஏற்றினால்தான் தன் வாத்தியம் பேசும் என்று ஃபிடில்காரர் சொன்னால் வாதம் செய்யாதீர்கள். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அப்போது கிட்டாரை வழக்கமான இ சுருதிக்கே கொண்டு வந்து, அந்தப் பாட்டில் ஊதுகருவியை விட்டுவிடுங்கள்.

ஊதுகருவிக்கு எழுதும்போது

போஸ்ட்-ராக்கின் உயிர் நீண்ட ஏற்றம். இரண்டு நிமிடம் ஒரே சுரம் மெல்ல மெல்லப் பெருகும். கிட்டாருக்கு மூச்சு வாங்காது, டிரம்போனுக்கு வாங்கும். நிமிடத்துக்கு 60 அடி வேகத்தில் நான்கு அடி கொண்ட ஒரு பார் 4 விநாடி. இரண்டு பார் பிடிப்பது வசதி. சத்தம் கூடக் கூட அதுவும் குறையும். எனவே குறைந்தது மூன்று பேர் வேண்டும், மூவரும் வெவ்வேறு பாரில் மூச்செடுக்க வேண்டும். யார் எந்தப் பாரில் என்பதைத் தாளிலேயே எழுதிக் கொடுங்கள். எழுதாமல் விட்டால் மூவரும் சொல்லிவைத்தாற்போல் பாட்டின் உச்சத்துக்கு முந்தைய பாரில் மூச்செடுப்பார்கள். ஏற்றம் அங்கேயே குழி விழும்.

டிரம்பெட்டின் மேல் ஸ்தாயியை ஒரு பாட்டில் ஒரு தடவைக்கு மேல் தொடாதீர்கள். எட்டு நிமிடப் பாட்டின் கடைசி இரண்டு நிமிடத்தில் உதடு சோர்ந்திருக்கும். உச்ச சுரம் பிசிறும். ஆர்வெ ஹென்ரிக்சன் போன்றவர்கள் டிரம்பெட்டைப் புல்லாங்குழல்போல் காற்றோடு மென்மையாக ஊதும் முறையைப் பரிச்சயமாக்கியிருக்கிறார்கள். அந்த ஒலி வேண்டுமானால் மொத்தக் குழுவும் அடங்க வேண்டும். மைக்கை 5 செண்டிமீட்டர் வரை நெருக்கி வைக்க வேண்டியிருக்கும், அப்போது பக்கத்துச் சிம்பலும் மைக்கில் சேர்ந்தே வரும். டிரம்ஸுக்கு எதிர்ப்பக்கம் நிறுத்துங்கள்.

குளிர்காலத்தில் வேனிலிருந்து இறக்கிய கருவி சுருதி தாழ்ந்தே இருக்கும். உள்ளே கொண்டுவந்து அரை மணி நேரம் வைத்து, ஊதிச் சூடேற்றிய பிறகே சுருதி சேர்க்க வேண்டும்.

ஹார்டாங்கர் ஃபிடில்: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்

மேலே வில்லால் வாசிக்கும் நான்கு தந்திகள். அவற்றின் அடியில், யாரும் தொடாமலே உடன் அதிரும் நான்கு அல்லது ஐந்து தந்திகள். இந்த அடித்தந்திகளால்தான் ஒரே ஆள் வாசிக்கும்போதும் அறை நிறைகிறது. மேடையில் தொல்லை கொடுப்பதும் இவையே. பேஸ் ஆம்ப் முழங்கினால் ஃபிடில் சும்மா தொங்கினாலும் முனகும், மைக் அதைப் பிடித்து ஊளையிடும்.

செய்ய வேண்டியவை: ஃபிடில்காரரைப் பேஸ் ஆம்பிலிருந்து மேடையின் மறுகோடியில் நிறுத்துங்கள். வாத்தியத்தில் மாட்டும் சிறு கண்டென்சர் மைக் போதும். மிக்ஸரில் 180 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள்; ஃபிடிலின் மிகத் தாழ்ந்த சுரமே அதற்கு மேலேதான் இருக்கும், எதுவும் இழக்கமாட்டீர்கள். மேடை ஸ்பீக்கர் வேண்டாம், காதுக்குள் வைக்கும் மானிட்டர் கொடுங்கள். பாலத்தில் ஒட்டும் பிக்கப் ஊளையை அடக்கும், ஆனால் ஒலி மூக்கால் பேசும். மைக்குக்குத் துணையாக மட்டும் கொஞ்சம் கலக்கலாம்.

இந்த வாத்தியத்துக்கு இருபதுக்கு மேற்பட்ட சுருதி அமைப்புகள் வழக்கத்தில் உண்டு. ஏ-டி-ஏ-இ மிகப் பரவலானது. அமைப்பு மாறினால் எட்டு ஒன்பது தந்திகளையும் திருத்த வேண்டும்; உடனே நிலைக்கவும் செய்யாது. ஆகவே கச்சேரியில் ஃபிடில் பாட்டுகளை ஒரே அமைப்பில், ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள். இரண்டு அமைப்பு கட்டாயம் என்றால் இரண்டு ஃபிடில் கொண்டுவரச் சொல்லுங்கள், அதற்கும் சேர்த்துச் சம்பளம் பேசுங்கள். ஹீட்டர் ஓடும் அறையில் காற்று வறண்டு மரம் சுருங்கி வெடிக்கும். பெட்டிக்குள் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்கட்டும்.

பழைய பாணி வாசிப்பில் மூன்றாம் சுரம் மேஜரிலும் சேராது, மைனரிலும் சேராது; இரண்டுக்கும் நடுவே நிற்கும். கீபோர்டு அங்கே மேஜர் கார்டு பிடித்தால் ஃபிடில்காரர் தப்பாக வாசிப்பதாகத் தோன்றும். உங்கள் பக்கத்தில் ஆதார சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும் பிடியுங்கள். டிஸ்டார்ஷன் கிட்டார் எப்படியும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறது! செல்யஃப்லோய்த்தே என்னும் துளையில்லாத குழலுக்கும் இதே விதி. அது இயற்கை அனுசுரங்களை மட்டுமே தரும். அதன் 11ஆம் அனுசுரம் கீபோர்டின் எந்தக் கட்டையிலும் விழாமல் இரண்டு கட்டைக்கு நடுவே விழும்.

இனி தாளம். ஹல்லிங், கங்கார் என்னும் நாட்டிய மெட்டுகள் இரண்டும் சம அடியில் போகின்றன. முதல் முயற்சிக்கு இவற்றையே எடுங்கள். டிலே பெடலும் லூப்பும் (திரும்பத் திரும்ப ஓடும் பதிவு) தடையில்லாமல் ஓடும். ஸ்ப்ரிங்கார் வேறு ரகம். மூன்று அடிதான், ஆனால் மூன்றும் சமமில்லை. டெலெமார்க் பகுதியின் ஸ்ப்ரிங்காரில் நீண்டது, நடுத்தரம், குட்டை என்று வரும். வால்ட்ரெஸ் பகுதியில் குட்டை, நீண்டது, நடுத்தரம். டெலெமார்க் முறையை அளந்தால் ஒரு பார் ஏறத்தாழ 39, 33, 28 சதவீதமாகப் பிரியும். பார் 1,500 மில்லிவிநாடி என்று வைத்துக்கொண்டால் மூன்று அடிகளும் 585, 495, 420.

இப்போது உங்கள் டிலே 500 மில்லிவிநாடியில் இருக்கிறது. முதல் அடியின் எதிரொலி இரண்டாம் அடிக்கு 85 மில்லிவிநாடி முன்னதாக வந்து விழும். மூன்றாம் அடியின் எதிரொலி அடுத்த பாரின் முதல் அடிக்கு 80 மில்லிவிநாடி தாமதமாக விழும். கேட்பவருக்கு டிரம்மரும் ஃபிடில்காரரும் சண்டை போடுவதாகத் தோன்றும். உண்மையில் குற்றவாளி பெடல். தீர்வு இரண்டு. டிலேயை அணைத்துவிடலாம். இல்லையென்றால் டிலேயை ஒரு முழுப் பாரின் நீளத்துக்கு, அதாவது 1,500க்கு வைத்து, ஒரே ஒரு முறை திரும்பும்படி விடலாம். அடிகள் சமமில்லாவிட்டாலும் பாரின் நீளம் ஓரளவு நிலையாக இருப்பதால் எதிரொலி அதே அடியில் போய் உட்காரும்.

இதே காரணத்தால் ஸ்ப்ரிங்காரை க்ளிக் (ஹெட்ஃபோனில் சம இடைவெளியில் தட்டும் ஒலி) வைத்து ரெக்கார்ட் செய்யக்கூடாது. ஃபிடில்காரர் வாசிக்கும்போது காலால் தரையில் தட்டுவார். அந்தக் காலுக்கு ஒரு மைக் வையுங்கள். டிரம்மரின் ஹெட்ஃபோனில் அதைத் தூக்கிக் கொடுங்கள். முதலில் ஃபிடிலும் டிரம்ஸும் சேர்ந்து வாசிக்கட்டும், பிறகு அந்தத் தடத்தின் மேல் டெம்போ வரைபடம் போட்டுக் கணினியைப் பின்தொடர விடுங்கள். டிரம்மர் கால் விழும் இடத்தில் மட்டும் அடித்தால் போதும். இடைவெளியை ஹை-ஹாட்டால் நிரப்ப ஆரம்பித்தால் அவரையறியாமல் அடிகளைச் சமமாக்கிவிடுவார், நாட்டியம் செத்துவிடும்.

டிரம்ஸ்

பொதுவாகவும் டிரம்மருக்குத்தான் அதிக வேலை. 22 அங்குல கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) கனமான க்ராஷ் சிம்பல்களும் ஊதுகருவியை விழுங்கும். 18 அல்லது 20 அங்குல கிக், மெல்லிய ரைட் சிம்பல் ஒன்று, க்ராஷ் இல்லை: இந்த அமைப்பில் இரண்டு வாரம் ஒத்திகை பார்க்கட்டும். குச்சிக்குப் பதில் மூங்கில் கட்டுக் குச்சியும் உதவும். நார்வே ஜாஸ் டிரம்மர் யூன் கிறிஸ்டென்சனின் (1943–2020) வாசிப்பைக் கேட்டால் தாளத்தைச் சொல்லாமலே சிம்பலால் ஓட்டம் காட்டுவது பிடிபடும். உச்சக் கட்டத்துக்கு மட்டும் க்ராஷைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

எலக்ட்ரானிக்ஸ்

முன்கூட்டியே செய்த லூப்பை ஓடவிட்டு அதன் மேல் வாசிப்பது சுலபம், சீக்கிரம் சலித்துவிடும். நார்வேயில் வேரூன்றிய இன்னொரு முறை, மேடையில் ஒலிப்பதை அங்கேயே பிடித்து மாற்றித் திருப்பிக் கொடுப்பது. கிறிஸ்டியான்சண்டில் 2005 முதல் யான் பாங்கும் எரிக் ஹோனொரேவும் நடத்தும் புங்க்ட் விழா, முடிந்த கச்சேரியை உடனுக்குடன் ரீமிக்ஸ் செய்வதையே அடையாளமாகக் கொண்டது.

உங்கள் குழுவில் ஒருவர் இப்படி ஒலியைப் பிடித்துத் திருப்பித் தரும் சாம்பிளரில் உட்காருவதானால், மிக்ஸரிலிருந்து நான்கு தனித் தடங்கள் அவருக்குப் போக வேண்டும்: ஃபிடில், டிரம்பெட், ஒரு கிட்டார், டிரம்ஸின் மேல் மைக். அவை மிக்ஸரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்கு முன்னாலேயே பிரிய வேண்டும். இல்லாவிட்டால் மிக்ஸ் செய்பவர் ஃபேடரை இறக்கும் நேரத்தில் சாம்பிளருக்கு ஒன்றுமே வராது. 48 கிலோஹெர்ட்ஸில் பஃபரை (கணினி ஒரே தடவையில் சேர்த்துக் கையாளும் அளவு) 128 வைத்தால் அதனால் வரும் ஒரு வழித் தாமதம் 3 மில்லிவிநாடிக்குள் நிற்கும். அவர் திருப்பி அனுப்புவதில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள்; அது பேஸின் இடம்.

சாம்பிளுக்கு 2 முதல் 6 விநாடி நீளம் போதும். அதைவிட முக்கியம், பாட்டுக்குள் 30 விநாடியாவது மற்ற எல்லோரும் கையெடுக்கும் இடம் ஒன்று வேண்டும். எல்லோரும் வாசித்துக்கொண்டே இருந்தால் அவர் பிடிப்பதிலும் எல்லோரும் இருப்பார்கள். திருப்பிக் கொடுத்தால் சேறுதான் வரும். 1997இல் உருவான சூப்பர்சைலண்ட் ஒத்திகையே இல்லாமல் மேடையில் இசையைக் கண்டெடுக்கும் குழு என்று பெயர் பெற்றது. அதைப் பார்த்து ஒத்திகையை நிறுத்திவிடாதீர்கள். அங்கே இருந்தவர்கள் தனித்தனியே கைதேர்ந்தவர்கள்.

மேடைக்கு முன் அனுப்ப வேண்டிய தாள்

பெரிதான குழுவுக்குப் பெரிய சிக்கல் சவுண்ட் செக். டிரம்ஸுக்கு 8, பேஸுக்கு 2, கிட்டாருக்கு 4, கீபோர்டுக்கு 4, சாம்பிளருக்கு 2, ஊதுகருவிக்கு 3, வைப்ரஃபோனுக்கு 2, ஃபிடிலுக்கும் காலுக்கும் சேர்த்து 2: மொத்தம் 27 சேனல். 24 சேனல் உள்ள கிளப்பில் இது நுழையாது. டிரம்ஸை 5 மைக்குக்குக் குறைத்த இன்னொரு தாளும் தயாராக இருக்கட்டும். மூன்று சேனல் மிச்சமானால் சரியாக 24 வந்துவிடும். ஒஸ்லோவின் ஓயா போன்ற ராக் விழாவில் குழுக்கள் மாறும் இடைவெளி குறுகியது. ஃபிடிலையும் சாம்பிளரையும் முன்பே வயர் செய்து ஓரமாக வைத்து, அப்படியே தள்ளிக்கொண்டு வர வேண்டும்.

உரிமையும் பணமும்

வாய்மொழியாக வந்த மெட்டு எல்லாமே பழையது என்று நினைக்காதீர்கள். நார்வேச் சட்டப்படி உரிமை, இயற்றியவர் இறந்து 70 ஆண்டுவரை நீடிக்கும். ஃபிடில் கலைஞர் மில்லார்குத்தன் (1801–1872) காலத்து மெட்டென்றால் கவலையில்லை. 1960களில் ஒரு ஃபிடில்காரர் உண்டாக்கியதானால் அவர் குடும்பத்தின் அனுமதி தேவைப்படலாம். மெட்டை யார் யாரிடமிருந்து கற்றார் என்று ஃபிடில்காரரிடமே கேளுங்கள். அந்த வரிசையை அவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள், அதை ஆல்பத்தின் உறையில் போடுவது அங்கே மரியாதை.

இயற்றியவர் பங்கு, இயற்றியவர்களின் உரிமைத்தொகையை வசூலிக்கும் டோனோ அமைப்பில் பதிவாக வேண்டும். பழைய மெட்டுக்கு நீங்கள் செய்த அமைப்பை அமைப்பு என்றே பதியுங்கள். சொந்தப் படைப்பாகப் பதிவது பின்னால் வம்பு. வாசித்தவர்களின் பங்கு அவர்களுக்கான கிராமோ அமைப்பில் தனியே பதிவாகும், ஒரே பாட்டுக்கு ஊதிவிட்டுப் போன டிரம்போன்காரர் உட்பட. அவர் பெயரையும் எந்தப் பாட்டில் என்ன வாசித்தார் என்பதையும் ரெக்கார்டிங் நடக்கும் அன்றே எழுதி வையுங்கள். விருந்தாளி மேடையில் மனோதர்மமாக ஊதியது பாட்டின் மெட்டாகவே நிலைத்துவிட்டால் அவருக்கு இயற்றியவர் பங்கு உண்டா இல்லையா என்ற கேள்வி வரும். சதவீதத்தை ஸ்டுடியோவுக்குப் போகும் முன்பே பேசிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நார்வேயின் கலாச்சார நிதிக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால், விருந்தாளிகளின் ஒத்திகை நாள் சம்பளத்தையும் பட்ஜெட்டில் தனி வரியாகப் போடுங்கள்.